"மாத்திரையை ஒழுங்கா போடச் சொல்லுங்க!" - இதுவா சிகிச்சை?



இன்று நவம்பர் 17, தேசிய வலிப்பு நோய் தினம். வழக்கமா ஒரு போஸ்டர் போடுவோம், விழிப்புணர்வுன்னு ரெண்டு வரி எழுதுவோம், மறுநாள் மறந்துடுவோம். இந்த முறை போஸ்டர் இல்லை. ஒரு பிளாஸ்டிக் கவரைப் பற்றி எழுதுகிறேன்.

இன்ஜினியரிங் படிக்கும்போது நாலு வருஷம் ஹாஸ்டலில் என்னோடு ஒரே ரூமில் இருந்த நண்பனின் கவர் அது. உள்ளே 11 வருஷத்து ஓ.பி. சீட்டு, ஸ்கேன் ஃபிலிம், இ.இ.ஜி. ரிப்போர்ட். எங்கே போனாலும் அவன் அம்மா அதைக் கையோடு கொண்டு போவார்கள். அவனுக்குச் சில வாரம் மூணு தடவை வலிப்பு வரும், சில வாரம் அஞ்சு தடவை. ஒருமுறை பாத்ரூமில் விழுந்து புருவத்தில் ஆறு தையல்.

அன்று கேஷுவால்டிக்குத் தூக்கிட்டு ஓடினோம். ஊசி போட்டார்கள், ஒரு ராத்திரி வைத்திருந்தார்கள். காலையில் டிஸ்சார்ஜ். அம்மா கவரைப் பிரிக்கும் முன்பே பதில் வந்துவிட்டது: "மாத்திரையை ஒழுங்கா போடச் சொல்லுங்கம்மா."

அவன் ஒழுங்காத்தான் போட்டான். போனில் காலை 8, இரவு 8 அலாரம். மூணு வகை மாத்திரை. எக்ஸாம் ஹாலில் தூங்கி விழுவான், ஆனால் ஒரு வேளை தப்பவிட்டதில்லை. மாத்திரை கேட்கவில்லை என்பதை ஒத்துக்கொள்ள ஆளில்லாமல், பழி மட்டும் அந்த அம்மா தலையில் விழுந்தது.

தோழர்களே, இது ஒரு வீட்டுக் கதை மட்டும் இல்லை. உலகம் முழுக்க சுமார் 5 கோடிப் பேருக்கு வலிப்பு நோய் இருக்கிறது. சரியான சிகிச்சை கிடைத்தால் 10 பேரில் 7 பேர் வரை வலிப்பே வராமல் வாழ முடியும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அப்போ மீதி 3 பேர்? இந்தப் பதிவு அவர்களுக்காகத்தான்.

சரியாகத் தேர்ந்தெடுத்த இரண்டு மருந்துகளை, சரியான அளவில் கொடுத்தும் வலிப்பு நிற்கவில்லை என்றால், அது மருந்துக்குக் கட்டுப்படாத வலிப்பு. சர்வதேச வலிப்பு நோய் எதிர்ப்பு அமைப்பு 2010-லேயே கொடுத்த வரையறை இது. அதற்குப் பிறகு மூணாவது, நாலாவது மாத்திரையில் முழுசா நிற்கும் வாய்ப்பு ரொம்பக் குறைவு. அந்தக் கட்டத்தில் செய்ய வேண்டியது, சிறப்பு மையத்துக்கு அனுப்பி, வீடியோ இ.இ.ஜி.யும் எம்.ஆர்.ஐ.யும் எடுத்து, வலிப்பு மூளையில் எந்த இடத்தில் கிளம்புகிறது என்று தேடுவது.

நம்ம பாஷையில் சொல்றேன். ஒரே லைனில் ரெண்டு தடவை ஃபியூஸ் போனா, மூணாவது ஃபியூஸ் போட்டுட்டு போவோமா? வயரிங்கைப் பிரிச்சுப் பார்ப்போம்ல! என் நண்பனுக்கு 9 வருஷம் ஃபியூஸ்தான் மாத்தினார்கள். பத்தாவது வருஷம்தான் ஒரு டாக்டர், "ஆபரேஷனுக்குத் தகுதி இருக்கான்னு பார்த்தீங்களா?" என்று கேட்டார்.

இடம் கண்டுபிடிக்க முடிந்து, அதை எடுத்தால் பேச்சு, நினைவு, கை கால் பாதிக்காது என்று உறுதியானால்தான் ஆபரேஷன். எல்லோருக்கும் பொருந்தாது. ஆனால் பொருந்துகிறவர்களுக்கு அது மறுபிறவி. டெல்லி எய்ம்ஸ் மருத்துவர்கள் மருந்துக்குக் கட்டுப்படாத 116 குழந்தைகளிடம் நடத்திய ஆய்வு 2017-ல் வெளியானது. ஆபரேஷன் செய்தவர்களில் 77% பேருக்கு ஒரு வருஷத்தில் வலிப்பு இல்லை. மருந்து மட்டும் தொடர்ந்தவர்களில் அது வெறும் 7%. செய்தது ஒரு அரசு மருத்துவமனை!

நம்ம மண்ணுக்கும் இது புதுசு இல்லை. 1950-லேயே சென்னை அரசு பொது மருத்துவமனையில் நரம்பு அறுவை சிகிச்சைத் துறையைத் தொடங்கினார் டாக்டர் பி. ராமமூர்த்தி. 1952-ல் வேலூர் சி.எம்.சி.யில் வலிப்புக்கு ஆபரேஷன் செய்தார் டாக்டர் ஜேக்கப் சாண்டி. எழுபது வருஷத்துக்கு மேல் ஆச்சு. அந்தக் கதவு எங்கே இருக்கிறது என்றுகூட யாரும் சொல்லாமல் ஒரு அம்மா 9 வருஷம் அலைகிறார் என்றால், இல்லாமல் போனது அறிவு இல்லை, வழி.

செலவைப் பற்றியும் பேசணும். காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2019-ல் ஒரு பட்டியல் போட்டது. பாலிசி எடுக்கும்போதே இருக்கும் சில நோய்களுக்குக் காப்பீட்டு நிறுவனங்கள் நிரந்தரமாகக் கவரேஜ் கொடுக்காமல் விடலாம் என்ற பட்டியல். அதில் வலிப்பு நோயும் இருந்தது. எவனுக்குக் காப்பீடு அதிகம் தேவையோ, அவனுக்கு இல்லை!

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016-ல் 21 வகைகள் இருக்கின்றன. பார்கின்சன் இருக்கிறது, மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் இருக்கிறது. வலிப்பு நோய் பெயர் இல்லை. வாரத்துக்கு மூணு தடவை விழுகிறவன் வண்டி ஓட்ட முடியாது, மெஷின் பக்கம் நிற்க முடியாது. ஆனால் சட்டத்தின் கண்ணுக்கு அவனிடம் குறை எதுவும் இல்லை.

நாம் கேட்பது சலுகை இல்லை, நியாயம்:

1. இரண்டு மருந்தும் பலிக்காதவர்களைக் குறிப்பிட்ட காலத்துக்குள் சிறப்பு மையத்துக்கு அனுப்புவது கட்டாயமாக வேண்டும். அரசு மருத்துவக் கல்லூரிகளில் வலிப்பு நோய்க்குத் தனி கிளினிக் வேண்டும்.

2. ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே மாத்திரை தடையில்லாமல் கிடைக்க வேண்டும். "ஸ்டாக் இல்ல, வெளியில வாங்கிக்கோங்க" என்ற பேச்சே வரக்கூடாது. வலிப்பு மாத்திரை திடீரென நின்றால் உயிருக்கே ஆபத்து.

3. வலிப்பைக் காரணம் காட்டிக் காப்பீடு மறுக்கக் கூடாது. மருந்துக்குக் கட்டுப்படாத வலிப்பை ஒன்றிய அரசு மாற்றுத்திறனாளிகள் சட்டத்தில் சேர்க்க வேண்டும்.

இதைப் படிக்கும் ஒவ்வொருவரும் இன்றே செய்யக் கூடியதும் இருக்கிறது. யாராவது வலிப்பு வந்து விழுந்தால் கையில் சாவிக்கொத்து திணிக்காதீங்க, வாயில் எதையும் வைக்காதீங்க, அமுக்கிப் பிடிக்காதீங்க. ஒருக்களித்துப் படுக்க வையுங்க. மணி பாருங்க. 5 நிமிஷம் தாண்டினால் 108. வீடியோ எடுத்து ஸ்டேட்டஸ் போடாதீங்க. ஆனா அந்த வீட்டுக்காரங்க டாக்டரிடம் காட்ட எடுக்கும் வீடியோ நோயைக் கண்டுபிடிக்க ரொம்ப உதவும்.

உங்க தெருவிலும் ஒரு அம்மா கையில் அந்தப் பிளாஸ்டிக் கவர் இருக்கும். அவங்ககிட்ட ஒரு கேள்வி கேளுங்க: "ரெண்டு மருந்து மாத்தியும் நிக்கலையா? அப்போ பெரிய நரம்பியல் மையத்துக்கு எழுதித் தரச் சொல்லி டாக்டர்கிட்ட கேட்டீங்களா?" என் நண்பனின் அம்மாவிடம் இதை யாராவது 9 வருஷத்துக்கு முன்னாடி கேட்டிருக்கலாம்.

படிச்சுட்டு கடந்து போகாதீங்க தோழர்களே. பகிருங்க.

#வலிப்பு_சாபமல்ல #சிகிச்சை_நம்_உரிமை