மார்பக இம்ப்ளாண்ட்டுகளுக்கு ஒரு பதிவேடு

அமெரிக்காவில் மார்பக இம்ப்ளாண்ட் விற்பனைக்கு 2021 அக்டோபர் 27 அன்று எஃப்.டி.ஏ. ஒரு நிபந்தனை விதித்தது. முடிவெடுப்புப் பட்டியலை நோயாளிக்குக் கொடுத்து, அதை அவருடன் பேசி, கையொப்பமிட வாய்ப்பளிக்கும் மருத்துவர்களுக்கும் மருத்துவமனைகளுக்கும் மட்டுமே நிறுவனங்கள் இம்ப்ளாண்ட்டை வழங்கலாம். சலைன், சிலிக்கோன் ஜெல் இரண்டுக்கும் கட்டமிட்ட எச்சரிக்கையும் கட்டாயமாயிற்று. அங்கே விற்கப்படும் அதே பன்னாட்டு நிறுவனங்களின் சரக்கு இங்கும் பொருத்தப்படுவதால், இந்தியப் பிளாஸ்டிக் சர்ஜன்களுக்கு இது அயல்நாட்டுச் செய்தி அல்ல.

எச்சரிக்கையின் சாரம் துறையினர் அறிந்ததே. இம்ப்ளாண்ட் ஆயுள் முழுதும் நிலைக்கும் சாதனம் அல்ல, ஆண்டுகள் கூடக் கூடச் சிக்கல்களும் கூடும், மறு அறுவை நேரலாம், பி.ஐ.ஏ.-ஏ.எல்.சி.எல். லிம்ஃபோமா சொரசொரப்பான மேற்பரப்பு உள்ளவற்றில் அதிகம் காணப்படுகிறது. மூட்டுவலி, தீராத சோர்வு, மனக்குழப்பம் ஆகியவற்றையும் பெண்கள் தெரிவித்திருக்கிறார்கள். அழகுக்காக வைத்துக்கொண்டவர்களில் 20 சதவீதம் பேர் வரை 8 முதல் 10 ஆண்டுகளுக்குள் இம்ப்ளாண்ட்டை அகற்ற நேர்கிறது என்கிறது எஃப்.டி.ஏ. இருபதுகளில் இருக்கும் பெண் இதை அறிந்தே முடிவெடுக்க வேண்டும். தியேட்டருக்குப் போகும் காலையில் நீட்டப்படும் பட்டியலால் பயனில்லை. முதல் கன்சல்டேஷனிலேயே கொடுத்து, வீட்டில் படித்துப் பார்க்க அவகாசம் தருவதே முறை.

ஜெல் கசிவுக்கான பரிசோதனைக் காலமும் மாறியிருக்கிறது. மூன்றாம் ஆண்டில் எம்.ஆர்.ஐ., பிறகு இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை என்பது பழைய பரிந்துரை. இப்போது ஐந்து அல்லது ஆறாம் ஆண்டில் முதல் பரிசோதனை, அதன்பின் 2-3 ஆண்டுக்கு ஒருமுறை. அறிகுறி இல்லாதவர்களுக்கு அல்ட்ராசவுண்டே போதும். இது வரவேற்கத்தக்க தளர்வு.

இவ்வளவும் நல்லதே. ஆனால் எந்தப் பெண்ணுக்கு எந்த இம்ப்ளாண்ட் வைக்கப்பட்டது, பிறகு அவருக்கு என்ன ஆயிற்று என்ற கணக்கை இந்த உத்தரவும் கட்டாயமாக்கவில்லை. நோயாளியின் கையில் ஒரு அட்டை தரப்படும், அவ்வளவுதான். அட்டை தொலையும், முகவரி மாறும், கிளினிக்கே மூடப்படும். அலர்கனின் பயோசெல் வகை திரும்பப் பெறப்பட்ட 2019 ஜூலையில் எஃப்.டி.ஏ. உலகளவில் திரட்டிவைத்திருந்த பி.ஐ.ஏ.-ஏ.எல்.சி.எல். நோயாளிகள் 573 பேர். இறந்தவர்கள் 33 பேர். தயாரிப்பாளர் தெரிந்திருந்த 13 மரணங்களில் 12 அலர்கனுடையவை. மற்ற 20 பேர் விஷயத்தில் தயாரிப்பாளரோ மேற்பரப்பின் வகையோ தெரியவில்லை. நோய் எதனால் வந்தது என்று ஆராய வேண்டிய இடத்தில், உடலுக்குள் இருந்த பொருள் எது என்பதே தெரியாமல் போனது மருத்துவத்துக்கு நேர்ந்த அவமானம். 14 ஆண்டுத் தடைக்குப் பிறகு 2006இல் ஜெல் இம்ப்ளாண்ட்டுகளை அனுமதித்தபோது நீண்டகால ஆய்வுகளை எஃப்.டி.ஏ. நிபந்தனையாக்கியது. அவற்றுள் ஒரு பெரிய ஆய்வில் மூன்றாம் ஆண்டில் மென்டர் நிறுவனம் தொடர்பில் வைத்திருந்தது 21 சதவீதம் பெண்களை மட்டுமே. அனுமதியோ நீடித்தது.

பிரிட்டன் 1993இல் தொடங்கிய பதிவேட்டை 2006இல் மூடிவிட்டது. நான்கே ஆண்டில், தொழிற்சாலைத் தர சிலிக்கோனை அடைத்து விற்ற பிரெஞ்சு நிறுவனமான பி.ஐ.பி.யின் மோசடி வெளிவந்தது. யார் உடலில் பி.ஐ.பி. இருக்கிறது என்று முழுமையாகச் சொல்ல யாரிடமும் ஏடு இல்லை. 2016இல்தான் புதிய பதிவேடு வந்தது. நெதர்லாந்திலும் ஆஸ்திரேலியாவிலும் மறுப்புச் சொல்லாத பெண்கள் தாமாகவே பதிவேட்டில் சேர்க்கப்படுகிறார்கள். செய்ய முடியும் என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை.

இந்தியாவில் மருத்துவச் சாதன விதிகள் 2017இல் வந்தன. சாதனப் பாதக விளைவுகளைக் கண்காணிக்கும் மெட்டீரியோவிஜிலன்ஸ் திட்டம் 2015 முதல் இருக்கிறது. ஆனால் அது மருத்துவர் மனம்வைத்து அனுப்பும் அறிக்கையை நம்பியிருக்கிறது. இறக்குமதியாளரின் விநியோகக் கணக்கு மருத்துவமனை வாசலோடு நின்றுவிடுகிறது. சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் 2018இல் ஏழைப் பெண்களுக்கு இலவச மார்பக அழகு அறுவை தொடங்கப்பட்டபோது, இம்ப்ளாண்ட் இப்போது வசதி படைத்தோரின் விஷயம் மட்டுமல்ல என்று ஆனது. அரசே பொருத்தும் பொருளின் எதிர்காலத்தை அரசே பின்தொடர வேண்டாமா? விலைக் கட்டுப்பாட்டுக்கும் உரிமக் கட்டணத்துக்கும் சுற்றறிக்கை மேல் சுற்றறிக்கை விடும் அதிகாரிகளுக்கு, ஒரு வரிசை எண்ணையும் ஒரு தொலைபேசி எண்ணையும் சேர்த்து எழுதிவைக்கச் சொல்ல மட்டும் ஏன் மனம் வரவில்லை?

அரசு விழிக்கும்வரை ஒவ்வொரு சர்ஜனும் தனி ஏடு வைப்பதே வழி. பெட்டியோடு வரும் ஸ்டிக்கரை அறுவைக் குறிப்பிலும் டிஸ்சார்ஜ் சம்மரியிலும் ஒட்டுக. மேற்பரப்பு வகை, தொகுதி எண், வரிசை எண் மூன்றையும் எழுதுக. ஆண்டுக்கு ஒருமுறை நோயாளியை அழைத்துப் பேசுக. ஓராண்டுக்குப் பின் தோன்றும் செரோமா எதுவாயினும் திரவத்தை சைட்டாலஜிக்கும் சி.டி. 30 சோதனைக்கும் அனுப்பி, நோய் உறுதியானால் மெட்டீரியோவிஜிலன்ஸ் மையத்துக்குத் தெரிவிக்கத் தவறக் கூடாது.