துணிப்பூ செய்யுங்கள்... குரோஸ் கணக்கு வேண்டாம்!



கிளிப்பிலும் ஹேர்பேண்டிலும் ஒட்டியிருக்கும் துணிப்பூக்களைப் பார்த்திருப்பீர்கள். பேன்ஸி ஸ்டோரில் அட்டை அட்டையாகத் தொங்கும். திருவிழாக் கடைகளில் குவிந்து கிடக்கும். அதைக் கேட்டு அம்மாவிடம் அடம் பிடிக்காத தங்கச்சி உண்டா?

அந்தப் பூவை வீட்டிலேயே நீங்கள் செய்யலாம். செய்ய வேண்டும் என்பதுதான் என் கருத்து. கூடவே இன்னொன்றும் சொல்வேன். ஆசைக்குச் செய்யுங்கள்; எண்ணிக்கைக்குச் செய்யாதீர்கள். இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்கிறீர்களா? அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

"இது பொம்பளைப் பிள்ளைகள் சமாச்சாரம்" என்று தம்பிமார்கள் பக்கத்தைத் திருப்பிவிடாதீர்கள். உங்கள் சட்டையைத் தைத்த டெய்லர் யார்? பெரும்பாலும் ஒரு மாமாதானே! ஊசிக்கு ஆண், பெண் தெரியாது.

செய்வது எப்படி?

டெய்லர் கடையில் கேட்டால் வெட்டி மிஞ்சிய துண்டுத் துணி தருவார்கள். அதோடு ஊசி, நூல், கத்தரிக்கோல், பழைய பட்டன் ஒன்று, சாதாரண கிளிப் ஒன்று. இவ்வளவு போதும்.

6 செ.மீ. அகலமுள்ள ஒரு மூடியைத் துணிமேல் வைத்து ஐந்து வட்டம் வரைந்து வெட்டுங்கள். ஒரு வட்டத்தைப் பாதியாக மடியுங்கள். வளைந்த ஓரம் நெடுக ஓட்டுத் தையல் போட்டு நூலை இழுங்கள். துணி சுருங்கி ஓர் இதழாகிவிடும். நூலை அறுக்காமல் அடுத்த வட்டத்தையும் அப்படியே கோத்துக்கொள்ளுங்கள். ஐந்து இதழும் சேர்ந்ததும், கடைசி இதழை முதல் இதழோடு இணைத்து, இறுக்கி முடிச்சுப் போடுங்கள். நடுவில் பட்டனைத் தையுங்கள். பின்னால் கிளிப்பை வைத்து, அதன்மேல் சின்னத் துணி ஒன்றை வைத்துத் தைத்துவிட்டால் பூ தயார்!

ஊசியை எண்ணி எடுங்கள். வேலை முடிந்ததும் எண்ணி வையுங்கள். சின்னத் தம்பி தங்கைகள் தவழும் வீட்டில் இது மிக முக்கியம்.

ஏன்? எதற்கு?

பூ செய்யும்போது உங்கள் வாயில் "ஏன்?" என்ற கேள்வி வந்துகொண்டே இருக்க வேண்டும்.

வெட்டிய ஓரம் ஏன் நூல் நூலாகப் பிரிகிறது? நம் மாவட்டத்திலேயே விடை இருக்கிறது. ராஜபாளையம் பக்கத்தில் சத்திரப்பட்டியில் மருத்துவமனைகளுக்கான பேண்டேஜ் துணி நெய்கிறார்கள். அந்தத் துணியை வெளிச்சத்தில் தூக்கிப் பாருங்கள். நீளவாக்கில் ஓடுவது பாவு. குறுக்கே ஓடுவது ஊடை. இரண்டும் மேலும் கீழுமாகப் பின்னியிருப்பதுதான் துணி. பாவையும் ஊடையையும் பற்றி அருப்புக்கோட்டை நெசவாளர் வீட்டுப் பிள்ளைகளைக் கேட்டால் இன்னும் அழகாகச் சொல்வார்கள். கத்தரி பட்ட இடத்தில் நூலைப் பிடித்துக்கொள்ள ஆளில்லை. அதனால் பிரிகிறது. இப்போது உங்கள் பூவைப் பாருங்கள். வெட்டிய ஓரமெல்லாம் நடுவில் பட்டனுக்கு அடியில் ஒளிந்திருக்கிறது. மடித்த பக்கம் மட்டும் வெளியே தெரிகிறது. அதனால்தான் வட்டத்தை மடிக்கச் சொன்னேன்.

சிலர் ஓரம் பிரியாமல் இருக்க மெழுகுவர்த்தியில் காட்டுவார்கள். பாலியெஸ்டர் துணி உருகி ஓரம் ஒட்டிக்கொள்ளும். பருத்தித் துணி உருகாது. காகிதம் போல எரிந்து சாம்பலாகும். உருகிய பாலியெஸ்டர் விரலில் பட்டால் தோலோடு ஒட்டிக்கொண்டு சுடும். எனவே நெருப்பு வேலை உங்களுக்கு வேண்டவே வேண்டாம். நெருப்பைப் பற்றி நம் சிவகாசி வட்டாரப் பிள்ளைகளுக்கு நான் அதிகம் சொல்லத் தேவையில்லை.

கணக்கும் உண்டு. 6 செ.மீ. சதுரத் துணியின் பரப்பு 36 சதுர செ.மீ. அதில் வெட்டும் வட்டத்தின் பரப்பு சுமார் 28 சதுர செ.மீ.தான். ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் வீண்! வீணாகாமல் செய்ய முடியாதா? ஜப்பானில் செய்திருக்கிறார்கள். அங்கே பட்டுத் துணியைச் சின்னச் சின்னச் சதுரங்களாக வெட்டி, மடித்து, அரிசிப் பசையால் ஒட்டிக் கூந்தலுக்குப் பூ செய்யும் கலை பல நூறு ஆண்டுகளாக இருக்கிறது. 'சுமாமி கன்சாஷி' என்று அதற்குப் பெயர். நவம்பர் 15-ஐ ஒட்டி வரும் குழந்தைகள் விழாவில் சின்னப் பெண்கள் அந்தப் பூவைச் சூடிக் கோயிலுக்குப் போவார்கள். நம் வீட்டிலும் சோற்றுக் கஞ்சி இருக்கிறதே! பருத்தித் துணியைக் கஞ்சியில் நனைத்து, உலர்த்தி, தேய்த்த பிறகு வெட்டிப் பாருங்கள். துணி விறைப்பாக நிற்கும், வெட்டுவதும் எளிது.

பார்த்தீர்களா? ஒரு பூவுக்குள் நெசவு, அறிவியல், கணக்கு, ஜப்பான் எல்லாம் வந்துவிட்டன. 1937-ல் காந்தியடிகள் ஆதாரக் கல்வித் திட்டத்தை முன்வைத்தபோது இதைத்தான் வலியுறுத்தினார். கைத்தொழிலை இயந்திரம் போலக் கற்றுத் தரக் கூடாது. ஒவ்வொரு செயலும் ஏன், எதற்கு என்று குழந்தைக்குத் தெரிய வேண்டும் என்றார். ஆசிரியர் பயிற்சியில் நாங்கள் படித்த இந்தப் பாடம் இன்றைக்கும் பொருந்துகிறது.

குரோஸ் கணக்கு

இனி நான் பயப்படும் விஷயத்துக்கு வருகிறேன்.

தீப்பெட்டிக் கணக்கில் 'குரோஸ்' என்ற சொல்லை நம் பக்கத்துப் பிள்ளைகள் கேட்டிருப்பீர்கள். ஒரு குரோஸ் என்றால் 12 டஜன், அதாவது 144. இதே குரோஸ் கணக்கில் துணிப்பூ செய்த குழந்தைகள் உலகத்தின் மறுகோடியில் இருந்தார்கள், தெரியுமா?

சுமார் 110 ஆண்டுகளுக்கு முன் நியூயார்க் நகரத்தின் நெருக்கடியான குடியிருப்புகளில், குடும்பம் குடும்பமாக மேஜையைச் சுற்றி உட்கார்ந்து, பெண்களின் தொப்பிகளுக்குத் துணிப்பூ செய்தார்கள். கூலி குரோஸுக்குச் சில சென்ட்கள். பள்ளிக்கூடம் போக வேண்டிய பிள்ளைகளும், பள்ளி வயதே ஆகாத சின்னஞ்சிறுசுகளும் இதழ் பிரித்து, பசை தடவினார்கள். லூயிஸ் ஹைன் என்பவர் வீடு வீடாகப் போய் அவர்களைப் படம் பிடித்தார். அவர் அதற்கு முன் பள்ளி ஆசிரியராக இருந்தவர்! 1908 முதல் குழந்தை உழைப்பை எதிர்த்த ஒரு தேசியக் குழுவுக்காக அவர் எடுத்த படங்கள் நாட்டையே உலுக்கின. 1938-ல் அமெரிக்காவில் குழந்தை உழைப்பைக் கட்டுப்படுத்தும் தேசியச் சட்டம் வந்தது.

அந்தப் படங்களில் மேஜை நிறையப் பூ இருக்கும். ஆனால் அவற்றைச் செய்த பிள்ளைகளுக்கு அந்தப் பூ சொந்தமில்லை.

நீங்களே கணக்குப் போடுங்கள். புதிதாகப் பழகுகிறவருக்கு ஒரு பூவுக்கு 15 நிமிடம் என்று வைத்துக்கொண்டால், 144 பூவுக்கு 36 மணி நேரம். கை பழகி 5 நிமிடத்தில் ஒன்று செய்தாலும் 12 மணி நேரம்! தினமும் மாலை 3 மணி நேரம் என்றால் நான்கு நாள் மாலைப் பொழுது போயே போச்சு. விளையாட்டு எங்கே? வீட்டுப்பாடம் எங்கே?

"நிறையச் செய்தால் கை பழகுமே, டீச்சர்?" என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். இருபது, முப்பது பூவுக்குள் கை பழகிவிடும். அதற்குப் பிறகு அதே நிறம், அதே இதழ், அதே முடிச்சு. புதிதாகக் கற்க ஒன்றுமில்லை. கண்ணும் முதுகும்தான் வலிக்கும்.

நம் மண்ணுக்கு இந்த வலி புதிதல்ல. தீப்பெட்டி, பட்டாசு வேலைகளில் பள்ளி வயதுப் பிள்ளைகள் ஏராளமாக உழைத்த காலம் ஒன்று இருந்தது. 1986-ல் குழந்தைத் தொழிலாளர் சட்டம் வந்தது. சிவகாசிப் பிள்ளைகளைப் பற்றிய வழக்கில் 1996-ல் உச்ச நீதிமன்றம், தடை செய்த வேலையில் குழந்தையை வைத்திருந்தவர் ஒவ்வொரு குழந்தைக்கும் 20,000 ரூபாய் நல நிதிக்குக் கட்ட வேண்டும் என்று தீர்ப்புச் சொன்னது. 2016-ல் சட்டம் இன்னும் இறுகியது. 14 வயது நிறையாத பிள்ளைகளை எந்த வேலைக்கும் வைக்கக் கூடாது. சொந்தக் குடும்பத்துக்கு, பள்ளி நேரம் போக, ஆபத்தில்லாத வேலையில் உதவலாம், அவ்வளவுதான்.

அம்மா வீட்டில் ஏதாவது கூலி வேலை செய்தால், அவர் வெட்கப்பட ஒன்றுமில்லை. அவர் உழைப்பில்தான் உங்கள் புத்தகப் பை வருகிறது. கொஞ்ச நேரம் நூல் கோத்துக் கொடுப்பதும் தவறில்லை. அது உதவி. ஆனால் இரவில் கண் விழித்து, எண்ணி எண்ணிக் கட்டுவது உதவியல்ல, வேலை.

எது உதவி, எது வேலை என்று சந்தேகம் வந்தால் மூன்று கேள்விகள் கேட்டுப் பாருங்கள்.

1. வேண்டாம் என்று தோன்றினால் இப்போதே நிறுத்த முடியுமா?

2. அடுத்த பூவை என் இஷ்டத்துக்கு வேறு மாதிரி செய்யலாமா?

3. "ஏன்?" என்று கேட்க நேரம் இருக்கிறதா?

மூன்றுக்கும் "ஆமாம்" என்றால் சந்தோஷமாகச் செய்யுங்கள். "இல்லை" என்று வந்தால் வீட்டுப் பெரியவர்களிடமோ, வகுப்பு ஆசிரியரிடமோ மனம் விட்டுச் சொல்லுங்கள். யாராவது ஒரு பிள்ளையை வற்புறுத்தி வேலை வாங்குவதைப் பார்த்தால், 1098 என்ற எண்ணுக்குக் கட்டணமில்லாமல் தொலைபேசியில் பேசலாம்.

வரும் சனிக்கிழமை ஒரே ஒரு பூ செய்யுங்கள். அதற்கு முன் செம்பருத்தியையும் பூவரசம் பூவையும் பறிக்காமல் பக்கத்தில் நின்று பாருங்கள். இதழ் எத்தனை? ஒன்றின் மேல் ஒன்று எப்படிப் படிகிறது? அதே போல உங்கள் துணிப்பூவில் வருகிறதா? வரவில்லையென்றால் பிரித்து மறுபடியும் தையுங்கள். இரண்டாவது பூவை வேறு நிறத்தில், வேறு இதழ்க் கணக்கில் செய்யுங்கள். அதைத் தங்கச்சியின் சடையில் குத்திவிட்டு, எப்படிச் செய்தாய் என்று கேட்கிறவர்களுக்கெல்லாம் சொல்லிக் கொடுங்கள்.

- ஓய்வு பெற்ற ஆசிரியை, மல்லாங்கிணறு