ஒட்டிய உறுப்பை உடல் ஏன் ஒதுக்குகிறது?

சென்ற மாதம் கிங்ஸ் சர்க்கிள் நிலையத்தருகே நம் சங்க அன்பர் ஒருவர் நம்மை நிறுத்தி ஒரு வினா எழுப்பினார். அவர் மனைவிக்குச் சிறுநீரகங்கள் இரண்டும் பழுதாகிவிட்டன. தம்முடையதில் ஒன்றைத் தர அவர் மனமுவந்து முன்வந்தார். இரத்த வகையும் ஒன்றே. ஆயினும், பரிசோதித்த டாக்டர்கள் வேண்டாமென்று கூறிவிட்டனராம். "இருபது ஆண்டு இல்லறம் நடத்தியவனுடைய உறுப்பு அவளுக்கு ஆகாதா?" என்று கேட்டார். அன்று நம்மால் விடை பகர இயலவில்லை. பின்னர் அறிந்தோரைக் கேட்டும் நூல்களைப் புரட்டியும் தெரிந்துகொண்டதை ஈண்டு எழுதுகிறோம்.

நம் பகுதிக்கு இவ்விஷயம் புதிதன்று. அருகிலுள்ள பரேல் கே.இ.எம். ஆஸ்பத்திரியில் டாக்டர் பி. கே. சென் 1965-இல் சிறுநீரகத்தையும், 1968 பிப்ரவரியில் இதயத்தையும் மாற்றிப் பொருத்தினார். நோயாளிகள் நெடுநாள் பிழைத்திலர். நம் நாட்டில் மாற்றுச் சிறுநீரகம் வெற்றி கண்டது 1971-இல், வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில்.

கத்தியும் தையலும் மட்டும் போதா. ஒவ்வொருவர் உயிரணுவின் மேலும் அவருக்கே உரிய அடையாளங்கள் உண்டு. 1954-இல் பாஸ்டன் நகரில் டாக்டர் மர்ரே பொருத்திய சிறுநீரகம் நிலைத்ததற்குக் காரணம், கொடுத்தவரும் பெற்றவரும் ஒரே அச்சான இரட்டையர் என்பதே.

அந்த அடையாளங்களை நோயாளியின் இரத்தம் முதலில் எங்கே சந்திக்கிறது? புதிய உறுப்பின் இரத்தக் குழாய்களில்தான். அக்குழாய்களின் உட்புறம் முழுதும் ஒற்றை வரிசையாக மெல்லிய உயிரணுக்கள் படர்ந்துள்ளன. இரத்தம் நோயாளியுடையது, அது தொட்டு ஓடும் அந்த உள்வரியோ தானம் தந்தவருடையது. அதை வெறும் குழாய்ச் சுவரென்று எண்ணியது தவறு. காயமுற்றால் அது ஒட்டும் தன்மை பெற்று, ஓடும் வெள்ளணுக்களைப் பிடித்து நிறுத்தி உறுப்பினுள் அனுப்புகிறது. தன் அடையாளங்களை அவற்றுக்குக் காட்டவும் செய்கிறது. பனிக்கட்டியில் வைத்த உறுப்பில் மீண்டும் இரத்தம் பாயும்போதே அதற்குச் சிறிது காயம் உண்டாகிவிடும்.

இனி அன்பரின் வினாவுக்கு வருவோம். அவர் மனைவி இரு மக்களைப் பெற்றவர். கருவிலிருக்கும் குழந்தை தந்தையின் அடையாளங்களில் பாதியைத் தாங்கியுள்ளது. அதன் உயிரணுக்கள் சில தாயின் இரத்தத்தில் கலக்க, தாயின் உடல் அவற்றை அயலென்று கருதி எதிர்ப்பொருள்களை உண்டாக்குவதுண்டு. (பிறர் இரத்தம் ஏற்றினாலும் இவ்வாறு நேரலாம்.) பின்னர்க் கணவரின் சிறுநீரகத்தைப் பொருத்தினால், அவ்வெதிர்ப்பொருள்கள் அதன் உள்வரியில் சென்று ஒட்டும். உள்வரி சிதைந்து இரத்தம் உறைய, சில நிமிஷங்களிலோ மணிகளிலோ உறுப்பு கறுத்துவிடும். பத்துப் பொருத்தம் பார்த்து மணந்தவர்க்கு இது பதினோராம் பொருத்தம் போலும்! குறை அன்பரிடமும் இல்லை, அம்மையாரிடமும் இல்லை.

இதை முன்கூட்டி அறியவே நோயாளியின் இரத்தத் தெளிநீரைத் தானம் தருபவரின் வெள்ளணுக்களோடு கலந்து பார்க்கின்றனர். 1969-இல் பட்டேல், டெரசாக்கி என்னும் இருவர் வெளியிட்ட கணக்கு இதன் அவசியத்தை உணர்த்தும். சோதனையில் எதிர்ப்புத் தென்பட்ட 30 பேரில் 24 பேருக்கு உறுப்பு உடனே வீணாயிற்று. தென்படாத 195 பேரில் எண்மருக்கே அவ்வாறாயிற்று.

ஆனால் வழி அடைந்துவிடவில்லை. எதிர்ப்பொருள்களை வடித்தெடுக்கும் சிகிச்சை சிலருக்கு உதவுகிறது. 2011-இல் திருத்திய உறுப்பு மாற்றுச் சட்டம், இவ்வாறு பொருந்தாத இரு குடும்பத்தார் தம்முள் உறுப்பை மாற்றிக்கொள்ளவும் இடமளிக்கிறது. அன்பரிடம் இதைச் சொன்னோம். டாக்டரிடம் கேட்பதாகக் கூறிச் சென்றார்.

உறுப்பு பொருந்திய பின்னும் உள்வரியின் மீது தாக்குதல் ஓய்வதில்லை. மாத்திரை தவறினால் ஆண்டுக்கணக்கில் மெல்ல மெல்லக் குழாய்கள் தடித்துச் சுருங்கும். கோடை விடுமுறைக்கு ஊர் செல்லும் நம்மவர் பலர் ஊறுகாய் ஜாடியை மறப்பதில்லை, மாத்திரையை மறக்கின்றனர். திருநெல்வேலிச் சிற்றூர்க் கடையில் அது கிடைக்குமென்று நம்பிப் போகாமல், திரும்பி வரும் நாளுக்கு மேலும் பத்து நாளைக்குச் சேர்த்தே இங்கு வாங்கிக்கொள்ள வேண்டும்.