பீறிட்டால் போதுமா?

மேட்டில் வண்டி இழுக்கவில்லை என்று போனால் பல ஒர்க்‌ஷாப்களில் நடப்பது இதுதான்: பெட்ரோல் டியூபைக் கழற்றுவார்கள், சாவியைத் திருப்புவார்கள், பெட்ரோல் பீறிடும். “பம்ப் நல்லா இருக்கு சார்.” பம்ப் சாகவில்லை என்பதற்கு மட்டுமே அது சாட்சி. வேண்டிய அளவு தள்ளுகிறதா என்பது வேறு கேள்வி.

மாடித் தொட்டிக் குழாயில் பாதி அடைப்பு என்று வைத்துக்கொள்வோம். குழாய் வாயை விரலால் பொத்தினால் தண்ணீர் விரலைத் தள்ளத்தான் செய்யும். ஆனால் குடம் நிரம்பக் கால் மணி ஆகும். விரலில் தெரிவது அழுத்தம், குடத்தில் தெரிவது அளவு. காரிலும் இரண்டையும் தனித்தனியாகத்தான் பார்க்க வேண்டும்.

லிட்டருக்கு 16 கிலோமீட்டர் தரும் கார் மணிக்கு 80-இல் ஓடினால் நிமிடத்துக்கு 83 மில்லி பெட்ரோல் போதும். மேட்டில் ஆக்ஸிலரேட்டரை முழுக்க மிதித்தால் அது மூன்று நான்கு மடங்காகலாம். நல்ல மின்சார பம்ப் 30 விநாடியில் ஏறக்குறைய அரை லிட்டர் தரும். சரியான அளவு அந்தந்த வண்டியின் சர்வீஸ் மேனுவலில் இருக்கும். இவ்வளவு உபரி இருப்பதால்தான் பாதி உயிர் போன பம்பும் ஊருக்குள் ஒழுங்காக ஓடி, கொல்லிமலை வளைவுகளில் காலை வாருகிறது.

கார்புரேட்டர் வைத்த அம்பாசிடர், பத்மினி, பழைய மாருதி 800 என்றால் வீட்டிலேயே பார்த்துவிடலாம். காயிலிலிருந்து டிஸ்ட்ரிபியூட்டருக்குப் போகும் வயரைக் கழற்றி எர்த்தில் கொடுங்கள். பொறி வரக் கூடாது. கார்புரேட்டரில் செருகியிருக்கும் டியூபை உருவி பெட்ரோல் கேனுக்குள் விடுங்கள். ஒருவர் செல்ஃப் அடிக்க, சளக் சளக்கென்று ஒரே சீராகப் பாய வேண்டும். குமிழி குமிழியாக வந்தால் டேங்குக்கும் பம்புக்கும் நடுவில் எங்கோ காற்று இழுக்கிறது.

இன்ஜெக்‌ஷன் கார் வேறு ஜாதி. லைனில் சுமார் 3 பார் அழுத்தம் நிற்கும். டியூபைத் தொடுமுன் பம்ப் ஃபியூஸைப் பிடுங்கி, இன்ஜின் தானாக அணையும்வரை ஓடவிட வேண்டும். சாவியைத் திருப்பினால் பம்ப் இரண்டு விநாடி ஓடி நின்றுவிடும் என்பதால், அளந்து பார்க்க மெக்கானிக்குகள் ரிலே சாக்கெட்டில் வயரால் பாலம் போடுவார்கள். வயரிங் படம் கையில் இல்லாதவர் அதைச் செய்யாமல் இருப்பதே நல்லது. சாக்கெட்டில் பின் மாறினால் ஈ.சி.எம். எனும் இன்ஜின் கம்ப்யூட்டருக்கே செலவு வரும்.

எந்த வண்டியானாலும் வேலை திறந்தவெளியில்தான். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது, தரையோடு ஊர்ந்து போகும். போர்டிகோவை ஒட்டிச் சமையலறை இருந்தால் அந்த இடமே வேண்டாம். பவுடர் தீயணைப்பான் பக்கத்தில் இருக்கட்டும். தண்ணீர் வாளி உதவாது.

அளவு குறைந்தால் உடனே பம்ப் வாங்க ஓடாதீர்கள். முதலில் டேங்க் மூடியைத் திறந்து வைத்து மறுபடி அளந்து பாருங்கள். மூடியின் காற்றுத் துளை அடைத்திருந்தால் அளவு ஏறிவிடும். அடுத்து ஃபில்டர். மின்சார பம்ப் என்றால், அது ஓடும்போதே கனெக்டரில் மல்டிமீட்டர் வைத்துப் பார்க்க வேண்டும். பேட்டரியில் 12 வோல்ட் இருந்து அங்கே 10 காட்டினால் குற்றவாளி வயர்.

பிடித்த பெட்ரோலை உடனே டேங்கில் திருப்பி ஊற்றிவிடாதீர்கள். வெளிச்சம் ஊடுருவும் கேனில் பத்து நிமிடம் வைத்து அடியைப் பாருங்கள். துருத்தூளோ நீர்க்கோடோ தெரிந்தால், கழற்ற வேண்டியது டேங்கைத்தான்.