தாய்மாமனும் சித்தப்பனும்

வானவில்லின் ஏழு வண்ணங்களையும் வரிசை பிறழாமல் நினைவில் நிறுத்துவதற்காக, யார்க் வம்சத்து ரிச்சர்ட் வீணே போர் புரிந்தான் என்று பொருள்படும் ஒரு வாக்கியத்தை ஆங்கிலக் குழந்தைகள் ஒப்பிப்பது வழக்கம். அந்த ரிச்சர்ட், 1460 டிசம்பரில் வேக்ஃபீல்டு களத்தில் மாண்ட யார்க் கோமகனே என்று பெரும்பாலோர் கொள்கின்றனர். வெட்டுண்ட அவன் தலை யார்க் நகர வாயிலின்மேல் காட்சிக்கு வைக்கப்பட்டது என்பதும், அப்பொழுது அவனுடைய இளைய மகனுக்குப் பிராயம் எட்டு என்பதும் ஒப்பிக்கும் குழந்தைக்குத் தெரியாது, தெரியவும் வேண்டாம்.

ஆனால் அந்த எட்டு வயதுச் சிறுவனைப் பிற்காலத்திலும் அறியாமலே போவதுதான் எனக்கு வருத்தம் தருகிறது. இங்கிலாந்தின் பாடத்திட்டப்படி 1066 முதல் 1509 வரையிலான காலம் 11 முதல் 14 வயதுக்குள் கற்பிக்கப்படுகிறது. அதன்பின் சரித்திரம் கட்டாயப் பாடமன்று. ஆகவே யார்க் வம்சம் அரியணைக்காகப் போரிட்ட ரோஜாப் போர்களின் கதையைப் பலரும் ஆயுளில் ஒரே தடவைதான், அதுவும் பன்னிரண்டு வயதுக் கண்கொண்டுதான் காண்கிறார்கள்.

1483-இல் தந்தையை இழந்து அரசனான ஐந்தாம் எட்வர்டுக்கும் வயது பன்னிரண்டே. சிம்மாசனத்தைச் சித்தப்பன் ரிச்சர்ட் எடுத்துக்கொள்ள, லண்டன் கோட்டைக்குள் வைக்கப்பட்ட அவனும் ஒன்பது வயதுத் தம்பியும் அதன்பின் எவர் கண்ணிலும் படவில்லை. தன் வயதுச் சிறுவனுக்கு நேர்ந்ததைப் படிக்கும் மாணவன் சித்தப்பனைப் பாதகன் என்று தீர்ப்பதில் வியப்பில்லை. அந்த இரக்கம் அவ்வயதுக்கு அழகுங்கூட.

ஆங்கில மொழியில் தாய்மாமனுக்கும் சித்தப்பனுக்கும் ஒரே சொல்லாக இருப்பதும் ஒரு குறைதான். சிறுவனை லட்லோவில் வளர்த்து வந்தவர் தாய்மாமனாகிய ரிவர்ஸ் பிரபு. அரசனைத் தலைநகருக்கு அழைத்துச் செல்லும் வழியில், நார்தாம்ப்டனில் இரவு தன்னோடு அமர்ந்து உணவருந்திய அந்த மனிதரை ரிச்சர்ட் மறுநாட் காலையிலேயே சிறைப்பிடித்து, ஜூன் மாதத்தில் சிரச்சேதம் செய்வித்தான். இது தாய்வழிக்கும் தந்தைவழிக்கும் நடந்த உரிமைப் போட்டி என்பதைத் தமிழ் வாசகனுக்கு எவரும் விளக்க வேண்டியதில்லை.

அந்தச் சித்தப்பனுக்கு அப்போது வயது முப்பது. வேக்ஃபீல்டில் தந்தையை இழந்த அதே எட்டு வயதுச் சிறுவன்தான் அவன். தோற்றவர்களுக்கு நேரும் கதியைப் பாலப் பருவத்திலேயே கண்டுவிட்டவனுடைய அச்சம் பன்னிரண்டு வயது வாசகனுக்கு எட்டாது. குற்றம் அதனால் கழுவப்பட்டுவிடும் என்று நான் வாதிக்கவில்லை. ஆயினும் கைதிகளுக்கு ஜாமீன் கிடைக்க 1484-இல் சட்டம் செய்த பார்லிமெண்டும் அவனுடையதே என்பதைப் பாதகன் கதைக்குள் எங்கே வைப்பது?

2012-இல் லெஸ்டர் நகரத்து வாகன நிறுத்துமிடத்தின் அடியில் அவனுடைய எலும்புக்கூடு கிடைத்தது. முதுகெலும்பு பக்கவாட்டில் வளைந்திருந்ததேயன்றி, ஷேக்ஸ்பியர் நாடகம் அவனுக்குச் சூட்டிய கூனல் அங்கே இல்லை. குழியின் நீளம் போதாமையால் தலை ஒருபுறமாக உயர்ந்து சாய்ந்திருந்தது. பாதகன் கதையும் அவ்வாறே மறுபார்வைக்கு உரியது. ஆகவே பள்ளியை விட்டு நீங்குமுன், பதினேழு வயதில், பரீட்சையில்லாமல் ஒரு மாத காலமேனும் இந்த ஓராண்டுச் சரித்திரத்தை மாணவர்கள் மறுபடி படிக்கட்டும். பன்னிரண்டு வயதில் தாங்கள் எழுதிய பழைய கட்டுரையை உபாத்தியாயர் அவர்கள் கையிலேயே கொடுத்துத் திருத்தச் சொல்லட்டும்.