குடிபாலா வெயிலுக்கு ஏற்ற கணினி

சித்தூரிலிருந்து வேலூருக்குப் போகும் சாலையில், தமிழக எல்லையைத் தொட்டுக்கொண்டு கிடக்கும் குடிபாலா மண்டலத்துக் கிராமங்களில், தோத்தாபுரி மாங்காய் கூழ்த் தொழிற்சாலைகளுக்கு வண்டி வண்டியாகப் போகும் ஜூன், ஜூலை மாதங்களில்தான் இன்டர்மீடியட் முடித்த பிள்ளைகள் கல்லூரியில் சேருகிறார்கள். மாங்காய் விலை கைகொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும், பிள்ளைக்கு ஒரு கணினி வாங்கித் தரவேண்டும் என்ற பேச்சு அப்போது பல வீடுகளில் எழுகிறது. எழுந்த பேச்சு, மாதத் தவணையில் ஒரு மடிக்கணினி என்ற முடிவிலோ, கண்ணாடிப் பெட்டிக்குள் வண்ண விளக்குகள் சுழலும் மேஜைக் கணினி என்ற ஆசையிலோ போய் நிற்கிறது. இவ்விரண்டைக் காட்டிலும் இந்தப் பிரதேசத்தின் உஷ்ணத்துக்கும், மின்சாரத்துக்கும், நம் எழுத்துக்கும் பொருத்தமானது, பாகங்களை ஒவ்வொன்றாகத் தேர்ந்தெடுத்து வாங்கி நாமே சேர்த்துக்கொள்ளும், ஆடம்பரமற்ற மேஜைக் கணினிதான் என்பது என் திடமான அபிப்பிராயம். விடுதியில் தங்கிப் படிக்கும் பிள்ளைக்கு மடிக்கணினி தவிர்க்க முடியாதது. நான் சொல்வது, காலையில் சித்தூருக்கோ காட்பாடிக்கோ பஸ் ஏறி மாலையில் வீடு திரும்பும் பிள்ளைகளைப் பற்றி.

கணினியைச் சேர்ப்பது நிபுணர்களுக்கு மட்டுமே கைவரும் வித்தை என்ற பயம் வேண்டியதில்லை. 1981 ஆகஸ்டில் ஐ.பி.எம். கம்பெனி தன் பர்சனல் கம்ப்யூட்டரை வெளியிட்டபோது, இன்டெல் 8088 பிராசசர் உள்படப் பிறர் தயாரித்து விற்ற பாகங்களையே பெரும்பாலும் அதில் பயன்படுத்தியதோடு, அதன் மின்சுற்று விவரங்களையும் புத்தகமாக அச்சிட்டு விற்றது. 1995-இல் இன்டெல் வகுத்த ஏ.டி.எக்ஸ். என்னும் அளவுமுறையால், ஒரு கம்பெனியின் மதர்போர்டை வேறொரு கம்பெனியின் கேபினெட்டில் திருகு துளை மாறாமல் பொருத்த முடிகிறது. பிராசசரின் சாக்கெட்டும் ரேமின் தலைமுறையும் மதர்போர்டோடு ஒத்துப்போகின்றனவா என்று வாங்குமுன் சரிபார்த்துவிட்டால், மற்ற வேலைகளுக்கு ஒரு ஸ்க்ரூ டிரைவரும் பொறுமையும் போதும்.

கவனிக்கவேண்டிய முதல் விஷயம் உஷ்ணம். மே மாதத்தில் இந்தப் பக்கத்து வெயில் 40 டிகிரியைத் தாண்டுவது புதிதன்று. பெரிய கணினிக் கூடங்களுக்கு ஆஷ்ரே என்ற அமெரிக்கச் சங்கம் சிபாரிசு செய்யும் அறை வெப்பம் 18 முதல் 27 டிகிரி வரை. மத்தியானம் மூன்று மணிக்கு, தளம் காய்ந்துகொண்டிருக்கும் நம் வீட்டு அறைக்கும் அந்தக் கணக்குக்கும் சம்பந்தமே இல்லை. கூலர் என்று சொல்லப்படும் எந்தச் சாதனமும் உஷ்ணத்தை இல்லாமற் செய்துவிடுவதில்லை. பிராசசரிடமிருந்து வாங்கி அறையின் காற்றிடம் ஒப்படைக்கிறது, அவ்வளவே. 25 டிகிரி அறையில் 70 டிகிரியில் ஓடும் பிராசசர், அதே வேலையைச் செய்துகொண்டு 40 டிகிரி அறையில் ஏறக்குறைய 85 டிகிரியில் ஓடும். 95 அல்லது 100 டிகிரியை நெருங்கியதும் தன்னைக் காத்துக்கொள்ளும் பொருட்டு அது தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். அதிக விலை கொடுத்து வாங்கிய வேகம், வேண்டிய வேளையில் கிடைக்காமற்போவது இப்படித்தான்.

இதற்குப் பரிகாரம் தண்ணீரால் குளிர்விக்கும் கூலர் என்று கடைக்காரர்கள் ஆசை காட்டுகிறார்கள். அந்தத் தண்ணீரும் ரேடியேட்டர் வழியே அதே அறைக் காற்றிடம்தான் உஷ்ணத்தைக் கொடுக்கவேண்டும். அறையைவிடக் குளிர்ச்சியாக்கும் சக்தி அதற்கும் இல்லை. முழு வேகத்தில் 253 வாட் வரை இழுக்கும் இன்டெல் ஐ9-13900கே போன்ற பிராசசர்களை நாள் முழுதும் ஓட்டுகிற வீடியோத் தொழிலாளருக்கு அது அவசியப்படலாம். ஆனால் கல்லூரி மாணவனுக்குப் போதுமான 65 வாட் பிராசசருக்கு, அதன் பெட்டியிலேயே கூட வரும் காற்றுக் கூலரோ, சற்று நிம்மதி வேண்டுவோர்க்கு 120 மில்லிமீட்டர் மின்விசிறி பூட்டிய டவர் கூலரோ தாராளமாகப் போதும். தண்ணீர்க் கூலரில் பம்பு நின்றுபோனால் முழுச் சாதனத்தையும் மாற்றவேண்டும். காற்றுக் கூலரில் கெடக்கூடியது விசிறி ஒன்றே. அதை வேலூரிலேயே வாங்கி மாட்டிவிடலாம்.

தண்ணீர்க் கூலருக்கென்று ஒதுக்கிய பணத்தில் ஒரு பகுதியை, முன்பக்கம் கண்ணாடிக்குப் பதிலாகக் கம்பிவலை வைத்த கேபினெட்டுக்குச் செலவிடுவது விவேகம். முன்பக்கம் இரண்டு விசிறிகள் உள்ளே இழுக்கவும், பின்பக்கம் ஒன்று வெளியே தள்ளவும் வைத்தால், உள்ளே வரும் காற்று வெளியேறும் காற்றைவிட மிகுந்திருப்பதால், தூசி பெரும்பாலும் இண்டு இடுக்குகள் வழியாக நுழையாமல், முன்பக்கத்து வடிகட்டியைத் தாண்டியே வரவேண்டியிருக்கும். இந்தத் தூசியைப் பற்றிச் சொல்லியே ஆகவேண்டும். கிரானைட் அறுக்கும் பட்டறைகள் நிறைந்த சித்தூர் வட்டாரத்தில், ஒரு கோடைக்காலம் ஓடிய கணினியைத் திறந்தால், ஹீட் சிங்கின் அலுமினியத் தகடுகளுக்கிடையே சாம்பல் நிறப் படலம் ஒன்று, விரலால் சுரண்டினால் துண்டாகவே கழன்று வரும் அளவுக்குப் படிந்திருக்கும். விசிறியின் இறக்கை சுழலாதபடி விரலால் பிடித்துக்கொண்டு, மெல்லிய தூரிகையாலும் காற்றூதியாலும் அதை நீக்கி, பிராசசர்மேல் காய்ந்துபோன தெர்மல் பேஸ்டைத் துடைத்துவிட்டு ஒரு துவரம்பருப்பு அளவு புதிதாக வைத்தாலே, எத்தனையோ கணினிகளின் கஷ்டம் தீர்ந்துவிடும். தரையில் வைக்காமல் மேஜைமேல், சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வைப்பதற்கோ செலவே இல்லை.

அடுத்தது, வீட்டு மின்சாரத்தைக் கணினிப் பாகங்களுக்கு ஏற்றபடி மாற்றித் தரும் எஸ்.எம்.பி.எஸ். கேபினெட்டோடு இனாமாக வரும் எஸ்.எம்.பி.எஸ்.ஸை நம்பி மற்ற பாகங்களையெல்லாம் அதனிடம் ஒப்படைப்பது பெருந்தவறு. கிணற்று மோட்டார்கள் ஓடும் வேளையில் மின்னழுத்தம் தாழ்ந்து, அவை நின்றதும் திடீரென உயரும் கிராமத்தில், 100 முதல் 240 வோல்ட் வரை தாங்கும்படி அமைந்த, 80 பிளஸ் சான்று பெற்ற எஸ்.எம்.பி.எஸ். ஒன்றும், ஒரு யு.பி.எஸ்.ஸும் இல்லாமல் கணினி வாங்கவே கூடாது. கேபினெட்டைத் தொட்டால் விரலில் சுருக்கென்று இழுக்கிறது என்று சிலர் கடைக்காரரைக் குறை சொல்வார்கள். பெரும்பாலும் அங்கே குற்றம் வீட்டில் எர்த் கம்பி இல்லாததுதான். எலக்ட்ரீஷியனை அழைத்து அதைச் சரிசெய்த பிறகே கணினியைப் பூட்டவேண்டும்.

மானிட்டரைப் பற்றி நம்மவர்கள் கொள்ளும் அலட்சியம் எனக்கு மிகுந்த வருத்தம் தருவது. பெட்டிக்குச் செலவழித்து மிச்சமிருப்பதில் திரை வாங்குகிறார்கள்; பிள்ளையோ நாளெல்லாம் பார்த்துக்கொண்டிருக்கப்போவது அந்தத் திரையைத்தான். அகலமாக இருந்தால் நல்லது என்று 27 அங்குலத்தில் 1920-க்கு 1080 புள்ளிகள் கொண்ட திரையை வாங்கினால், ஓர் அங்குலத்துக்கு 82 புள்ளிகளே கிடைக்கும். அதே புள்ளிகள் 24 அங்குலத்தில் 92 ஆகும். 27 அங்குலத்தில் 2560-க்கு 1440 உள்ளதை வாங்கினால் 109 ஆகும். ஆங்கில எழுத்துக்கு இந்த வித்தியாசம் அவ்வளவு உறுத்தாது. வீட்டில் தமிழும் பள்ளியில் தெலுங்கும் படிக்கும் குடிபாலாப் பிள்ளைக்கு, ணு, ளு, ஞ முதலிய எழுத்துக்களின் சுழிகளும், மெய்யின்மேல் நிற்கும் புள்ளியும், தெலுங்கில் எழுத்துக்கு அடியில் தொங்கும் ஒத்துக்களும் புள்ளிகள் குறைந்த திரையில் ஒன்றோடொன்று கலங்கித் தெரிகின்றன. ஆகவே ஐ.பி.எஸ். வகைப் பலகையுள்ள, ஒளி பிரதிபலிக்காத 24 அங்குலத் திரையே குறைந்தபட்சம் என்று வைத்துக்கொண்டு, ஜன்னல் முதுகுக்குப் பின்னாலோ முகத்துக்கு நேராகவோ இல்லாமல் பக்கவாட்டில் இருக்கும்படி அதை வைக்கவேண்டும். நல்ல திரை, இரண்டு பிராசசர்கள் பழசாகிப் போகும் காலம்வரை உழைக்கும்.

வாங்கும் இடத்துக்கு நமக்குக் குறைவில்லை. காட்பாடியில் ரயிலேறிச் சென்னை சென்ட்ரலில் இறங்கினால், மவுண்ட் ரோட்டை ஒட்டிய, கணினிப் பாகக் கடைகள் நிறைந்த ரிச்சி தெரு அதிக தூரமில்லை. 2017 ஜூலை முதல் ஜி.எஸ்.டி. வந்துவிட்டபடியால், எல்லைக்கு இப்பால் வாங்கினாலும் அப்பால் வாங்கினாலும் பாகங்களுக்கு வரி ஒன்றே, 18 சதவீதம். 32 அங்குலத்துக்கு மேற்பட்ட திரைகளுக்கு இருந்த 28 சதவீதமும் 2025 செப்டம்பர் 22 முதல் 18 ஆகிவிட்டது. பில் இல்லாமல் குறைத்துத் தருகிறேன் என்பவரிடம் வாங்கக்கூடாது. ஒவ்வொரு பாகத்துக்கும் தனித்தனியே உள்ள வாரண்டியே இப்படிச் சேர்த்த கணினியின் பெரிய பலம். 2025-இன் பிற்பகுதியிலிருந்து செயற்கை நுண்ணறிவுக் கூடங்களின் தேவையால் ரேம் விலை கடுமையாக ஏறியிருக்கிறது என்பது மெய். ஆனால் மேஜைக் கணினியில் இன்று ஒரு ரேமோடு தொடங்கி, விலை இறங்கியபின் அடுத்த இடத்தை நிரப்பலாம். ரேமை மதர்போர்டோடு பற்றவைத்துவிட்ட மடிக்கணினிகளில் அந்த வசதி கிடையாது. கிராபிக்ஸ் வசதி உள்ளடங்கிய பிராசசரை வாங்கினால், கிராபிக்ஸ் கார்டையும், வீடியோ, முப்பரிமாண வேலைகள் தேவைப்படும் நாள்வரை ஒத்திப்போடலாம். 2025 அக்டோபர் 14-ஆம் தேதி விண்டோஸ் 10-க்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுத்தியபோது, புதிய விண்டோஸுக்குப் பொருந்தாத மடிக்கணினிக்காரர் முழு யந்திரத்தையும் மாற்றவோ லினக்ஸுக்குப் போகவோ யோசிக்கவேண்டியிருந்தது. மேஜைக் கணினிக்காரர் மதர்போர்டையும் பிராசசரையும், வேண்டுமானால் ரேமையும் மாற்றிக்கொண்டு, திரையையும் கேபினெட்டையும் எஸ்.எம்.பி.எஸ்.ஸையும் அப்படியே வைத்துக்கொள்ள முடிந்தது.

பாகங்களைப் பூட்டும் வேலை இந்தப் பக்கத்துக்குப் புதிதன்று. ஸ்ரீசிட்டியில் 2015 முதல் பாக்ஸ்கான் தொழிற்சாலை கைபேசிகளைச் சேர்த்து அனுப்புகிறது. திருப்பதியில் டிக்சன் தொழிற்சாலை தொலைக்காட்சிப் பெட்டிகளைச் சேர்க்கிறது. அந்த வரிசைகளில் நின்று நுண்ணிய பாகங்களைப் பூட்டுகிறவர்களில், பத்தாம் வகுப்பும் இன்டர்மீடியட்டும் படித்த நம் பக்கத்துப் பெண்பிள்ளைகளும் இருக்கிறார்கள். அவர்கள் கைக்கு வசப்பட்டது, பாலிடெக்னிக்கிலும் கல்லூரியிலும் படிக்கும் அவர்களுடைய தம்பி தங்கைகளுக்கு வசப்படாமற்போக நியாயமில்லை. சித்தூர், வேலூர் மாவட்டத்துப் பள்ளிகளும் பாலிடெக்னிக்குகளும் தங்களிடம் ஓடாமல் கிடக்கும் பழைய கணினிகளைக் காயலான் கடைக்குப் போடுமுன், அவற்றைக் கழற்றித் துடைத்து மறுபடி பூட்டும் பயிற்சியை மாணவர்களுக்கு அளிக்கவேண்டும் என்றும், பெற்றோர்கள் கடைக்குப் போகையில் பிள்ளையையும் உடன் அழைத்துச் சென்று, பூட்டும் வேலையை அந்தப் பிள்ளையிடமே விடவேண்டும் என்றும் கேட்டுக்கொள்கிறேன்.