எதைத் தாண்டலாம், எதைத் தாண்டக் கூடாது

நேரத்தை மிச்சப்படுத்துவது நல்லதா, கெட்டதா என்று யாராவது கேட்டால், ரயில்வேயில் முப்பத்தைந்து வருஷம் தண்டவாளப் பராமரிப்பில் காலம் தள்ளிய நான் ஒரு எதிர்க்கேள்விதான் கேட்பேன்: எந்த நேரத்தை? இந்தக் கேள்வியை எனக்குச் சமீபத்தில் மீண்டும் நினைவூட்டியது, யாரும் எதிர்பார்க்காத ஒரு விஷயம். என் பேரன் விளையாடும் பேஸ்பால் வீடியோ கேம். நம் சங்கத்தின் ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்பை இரண்டு மணியிலிருந்து ஒரு மணியாகக் குறைக்கலாம் என்று பேச்சு எழுந்திருக்கும் இந்தச் சமயத்தில், அதைப் பற்றி எழுதுவது பொருத்தம் என்று நினைக்கிறேன்.

என் மகன் உத்தியோக நிமித்தம் சில வருஷங்கள் அமெரிக்காவில் இருந்தான். பேஸ்பால் பைத்தியம் அங்கே பிடித்தது. அவர்கள் நாக்பூர் திரும்பியபோது பேரன் கைக்குழந்தை. இப்போது அவனுக்குப் பதினான்கு வயது. அப்பாவும் பிள்ளையும் 'எம்.எல்.பி. தி ஷோ' என்ற விளையாட்டை ஆடுகிறார்கள். சோனி நிறுவனத்தின் சான் டியேகோ ஸ்டுடியோ வருஷம் தவறாமல் வெளியிடுவது. முதலில் பிளேஸ்டேஷனில் மட்டும் இருந்தது, 2021 முதல் எக்ஸ்பாக்ஸிலும் வருகிறது.

பேஸ்பால் தெரியாதவர்களுக்கு இரண்டு வரி. கிரிக்கெட்டைப் போலப் பந்து வீசுபவர் ஒருவர், மட்டை பிடிப்பவர் ஒருவர். அடிக்க வேண்டிய இடத்தில் வந்த பந்தை விட்டாலும், வீசித் தவறினாலும் அது 'ஸ்ட்ரைக்'. மூன்று ஸ்ட்ரைக் ஆனால் அவுட். எட்டாத இடத்தில் போட்ட பந்தை மட்டையாளர் அடிக்காமல் விட்டுவிட்டால் அது 'பால்'. நான்கு பால் ஆனால் மட்டையாளர் முதல் தளத்துக்கு நடந்தே போகலாம். ஆக, இந்த ஆட்டத்தில் அடிப்பது பாதி, அடிக்காமல் விடுவது பாதி. ஒவ்வொரு மட்டையாளருக்கும் சராசரியாக நான்கு பந்துகள் என்று வைத்துக்கொண்டால், ஒன்பது இன்னிங்ஸ் முடிய இரு பக்கமும் சேர்த்து முந்நூறு பந்துகளை நெருங்கிவிடும்.

வீடியோ கேமில் இதை முழுதாக ஆடினால் ஒரு மணி நேரம் போய்விடுகிறது. அமெரிக்க லீக்கில் ஒரு அணிக்கு ஒரு பருவத்தில் 162 ஆட்டங்கள். அத்தனையும் ஆட 162 மணி நேரம். ஆபீஸ் போகிறவனுக்கு இது நடக்கிற காரியமா? ஆகவே 2014-ஆம் வருஷப் பதிப்பில் 'குயிக் கவுன்ட்ஸ்' என்று ஒரு வசதி கொண்டுவந்தார்கள். மட்டையாளர் வந்து நின்றதும் முதல் சில பந்துகளை நாம் ஆடுவதில்லை. 'இரண்டு பால், ஒரு ஸ்ட்ரைக்' என்பதுபோல ஒரு கணக்கை விளையாட்டே போட்டுக் கொடுத்துவிடும். அதற்கு மேல் நாம் ஆட வேண்டும். ஆட்டம் ஏறக்குறைய அரை மணியில் முடிந்துவிடுகிறது. பருவம் முழுவதும் 81 மணி நேரம் மிச்சம். வேண்டாதவர்கள் இந்த வசதியை நிறுத்திவைத்துவிட்டு முழு ஆட்டமும் ஆடலாம். கட்டாயம் இல்லை.

இதில் எனக்குப் பிடித்தது ஒன்று உண்டு. அந்தக் கணக்கைக் குருட்டாம்போக்கில் போடுவதில்லை. வீசுபவர் குறி தவறாதவரா, அடிப்பவர் பொறுமைசாலியா என்று இருவருடைய திறமையையும் பார்த்துத்தான் போடுகிறார்கள். அதாவது தாண்டிய பந்துகளை ஒன்றுமே நடக்காதது போல ஒதுக்கவில்லை. நம் கண்ணுக்குத் தெரியாமல் அந்த வேலையை வேறொன்று செய்துவிடுகிறது.

எங்கள் தொழிலில் இதற்கு ஒரு சரியான உதாரணம் இருக்கிறது. தண்டவாளத்துக்கு அடியில் கிடக்கும் ஜல்லியைத் தோண்டிச் சலித்து மீண்டும் போடும் வேலைக்கு 'டீப் ஸ்க்ரீனிங்' என்போம். அது முடிந்ததும் வண்டியைப் பழைய வேகத்தில் விட முடியாது. ஜல்லி இன்னும் இறுகியிருக்காது. முதலில் 20 கிலோமீட்டர், பிறகு 45 என்று படிப்படியாகத்தான் வேகத்தைக் கூட்டுவோம். வண்டிகள் மெதுவாகப் போய்ப் போய்த்தான் ஜல்லி படியும். உள்ளே இருக்கும் பயணி 'ஏன் ஊர்கிறது' என்று சலித்துக்கொள்வார். அவருக்கு அது வீண் நேரம். எங்களுக்கு அது பாதை உருவாகும் நேரம். பிற்பாடு 'டைனமிக் டிராக் ஸ்டெபிலைசர்' என்ற இயந்திரம் வந்தது. பாதையை அதிரவைத்து, பல வண்டிகள் ஓடித் தருகிற இறுக்கத்தில் பெரும்பகுதியை அதுவே தந்துவிடும். வேகக் கட்டுப்பாட்டைச் சீக்கிரம் எடுத்துவிடலாம். நேரம் மிச்சம்தான். ஆனால் ஜல்லி இறுக வேண்டிய வேலையை நாங்கள் ஒருநாளும் தாண்டவில்லை. அதைச் செய்ய வேறொரு வழி கண்டுபிடித்தோம், அவ்வளவுதான்.

இனி எனக்குப் பிடிக்காதது. என் மகன் அமெரிக்காவில் மூன்று மணி நேரம் அரங்கத்தில் உட்கார்ந்து ஆட்டத்தைப் பார்த்துப் பழகியவன். 'மூன்று பால், ஒரு ஸ்ட்ரைக்' என்று திரையில் வந்தால், வீசுபவர் நெருக்கடியில் இருக்கிறார், அடுத்த பந்து நேராகத்தான் வரும் என்று அவனுக்குத் தெரியும். அந்தக் கணக்குக்குப் பின்னால் இருக்கிற நான்கு பந்துகளும் அவன் மனசில் ஓடுகின்றன. பேரனோ ஆரம்பத்திலிருந்தே குயிக் கவுன்ட்ஸில் ஆடிப் பழகியவன். ஒரு நாள் அந்த வசதியை நிறுத்திவிட்டு முழு ஆட்டம் ஆடச் சொன்னோம். வந்த பந்தையெல்லாம் அடிக்கப் போனான். எந்தப் பந்தை விடுவது என்று புரியவில்லை. "தாத்தா, இது ரொம்ப ஸ்லோ" என்றான். விடுவதற்கும் ஒரு பயிற்சி வேண்டும். அந்தப் பயிற்சி நடக்கிற இடத்தைத்தான் அவனுக்காக இயந்திரம் செய்து கொடுத்துக்கொண்டிருந்தது.

ஒரே வசதி, ஒரே வீடு, ஒரே திரை. முழுதும் தெரிந்தவனுக்கு அது சுருக்கம். தெரியாதவனுக்கு அது இழப்பு.

நேரத்தைக் குறைக்க இன்னொரு வழியும் உண்டு. அதை நிஜ பேஸ்பாலே காட்டியிருக்கிறது. ஆட்டம் இழுக்கிறது என்ற புகார் அங்கே வெகுநாளாக இருந்தது. 2023-இல் கடிகாரம் வைத்தார்கள். தளங்களில் ஆள் இல்லையென்றால் 15 விநாடிக்குள், ஆள் இருந்தால் 20 விநாடிக்குள் வீசத் தொடங்க வேண்டும் என்று விதி. (இரண்டாவதை 2024-இல் 18 விநாடி ஆக்கினார்கள்.) 2022-இல் சராசரியாக 3 மணி 4 நிமிடம் ஓடிய ஒன்பது இன்னிங்ஸ் ஆட்டம், 2023-இல் சுமார் 2 மணி 40 நிமிடத்தில் முடிந்தது. அந்த வருஷம் அரங்கங்களுக்கு வந்தவர்கள் ஏழு கோடிக்கும் மேல், முந்தைய வருஷத்தைவிட அதிகம். கவனியுங்கள், இந்த விதியால் பந்துகளின் எண்ணிக்கையைக் குறைக்கவில்லை. கையுறையைச் சரிசெய்வது, தொப்பியைக் கழற்றி மாட்டுவது, நடந்து நடந்து திரும்புவது, இவற்றைத்தான் குறைத்தார்கள். ரயிலிலும் நாங்கள் முதலில் பார்ப்பது இதைத்தான். வண்டி எங்கே சும்மா நிற்கிறது என்று பார்த்து அதைக் குறைத்த பிறகுதான் ஓடும் வேகத்தைப் பற்றிப் பேசுவோம்.

இப்போது நம் தமிழ் வகுப்புக்கு வருகிறேன். பிள்ளைகளுக்கு ட்யூஷன் இருக்கிறது, பெற்றோருக்கு ஞாயிறு ஒன்றுதான் ஓய்வு, ஆகவே ஒரு மணி போதும் என்கிறார்கள். அவர்கள் சிரமம் எனக்குப் புரியாமல் இல்லை. ஆனால் அந்த இரண்டு மணியில் என்ன நடக்கிறது என்று பாருங்கள். பத்து மணி வகுப்பு பத்தேகாலுக்குத் தொடங்குகிறது. அறிவிப்புகள் பத்து நிமிடம். நடுவில் பிஸ்கட், டீ, அரட்டை இருபது நிமிடம். முக்கால் மணி இப்படியே போகிறது. இது தொப்பியைக் கழற்றி மாட்டுகிற நேரம். இதைத் தாராளமாக வெட்டலாம். (ஆண்டு விழாவில் பொன்னாடை போர்த்துகிற நேரத்தையும் சேர்த்து வெட்டினால் நானே எழுந்து நின்று கை தட்டுவேன்.)

ஆனால் வெட்டச் சொல்கிறவர்கள் கை வைப்பது அதில் இல்லை. பிள்ளைகள் ஒவ்வொருவராக எழுத்துக் கூட்டி உரக்க வாசிக்கிற நேரத்தில் கை வைக்கிறார்கள். 'அதான் வீட்டில் தமிழ் பேசுகிறார்களே, செல்போனில் தட்டினால் படித்துக் காட்டுகிறதே' என்கிறார்கள். ஊரில் பள்ளிக்கூடத்தில் தமிழ் படித்து வளர்ந்த நமக்குச் செல்போன் படித்துக் காட்டுவது வசதி. நாக்பூரிலேயே பிறந்து, தெருவில் மராட்டியும் பள்ளியில் இந்தியும் இங்கிலீஷும் கேட்டு வளரும் குழந்தைக்கு அது வசதி இல்லை. ழகரத்துக்கும் ளகரத்துக்கும் தடுமாறி, நின்று, திருத்திக்கொண்டு வாசிக்கிற அந்த ஊர்கிற நேரத்தில்தான் ஜல்லி இறுகுகிறது. நம் பிள்ளைகளுக்கு இன்னும் அந்த ஸ்டெபிலைசர் வரவில்லை.

ஆகவே நிர்வாகக் குழுவுக்கு என் யோசனை இது. வகுப்பை ஒன்றேகால் மணியாக வையுங்கள். சரியாகப் பத்துக்குத் தொடங்குங்கள், அறிவிப்புகளை முந்தின நாளே வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள், டீயை முடிவில் கொடுங்கள். வாசிப்பு நேரத்தில் ஒரு நிமிடம்கூடக் குறைக்க வேண்டாம். நன்றாக வாசிக்கத் தெரிந்த பெரிய பிள்ளைகள் மாதம் ஒரு முறை வந்தால் போதும். அவர்கள் முழு ஆட்டமும் ஆடியவர்கள், குயிக் கவுன்ட்ஸ் அவர்களுக்குத் தகும். சின்னவர்கள் முதல் பந்திலிருந்து ஆடட்டும்.